தண்ணீர் எடுப்போர் தூர்வார வேண்டாமா?

2021 ஏப்ரல் 28-ஆம் தேதி, மாலை 4 மணி. கரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாள்கள் அவை. தலைநகர் தில்லியில் ஆக்சிஜன் உருளைக்காகவும் மருத்துவமனைப் படுக்கைக்காகவும் மக்கள் அலைந்து கொண்டிருந்தனர். 18 வயது நிரம்பிய அனைவரும் தடுப்பூசிக்காக 'கோவின்' இணையதளத்தில் பதிவு செய்யத் தொடங்கலாம் என்று மத்திய அரசு அறிவித்திருந்த நேரம் அதுதான். நாடு முழுவதும் கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் முயன்றனர். பலருக்குத் தளம் திறக்கவில்லை. பலருக்குக் கைப்பேசியில் கடவு எண் வந்து சேரவில்லை. சிறிது நேரத்துக்குப் பிறகே நிலைமை சீரானது. முதல் நாளிலேயே ஒரு கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்தனர். உச்சகட்டத்தில் நிமிஷத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்ததாக அரசே தெரிவித்தது.

அது பேரிடர்க் காலம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தினந்தோறும் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் தட்கல் முன்பதிவு தொடங்கும்போது இதே காட்சி சிறிய அளவில் அரங்கேறுகிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ ஓர் இடம் பிடிக்க விரும்பும் தில்லித் தமிழருக்கு அந்தச் சில நிமிஷங்களின் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை. நிமிஷத்துக்கு 32,000 பயணச்சீட்டு என்ற முன்பதிவுத் திறனை 1.5 லட்சமாக உயர்த்தப் போவதாக 2025-இல் ரயில்வே அமைச்சகம் அறிவித்ததும் இந்த நெருக்கடியை உணர்ந்துதான்.

இத்தகைய தருணங்களில் குடிமகனுக்கும் அரசுக்கும் இடையே நிற்பவர் அமைச்சரோ, மாவட்ட ஆட்சியரோ, கவுன்ட்டரில் அமர்ந்திருக்கும் எழுத்தரோ அல்லர். கோரிக்கையை வாங்கி, உரிய இடத்துக்கு அனுப்பி, விடையைத் திருப்பித் தரும் மென்பொருள்தான் நிற்கிறது. 'வெப் சர்வர்' எனப்படும் இணைய வழங்கி அது. உலகெங்கும் அரசுகளும் வங்கிகளும் நம்பியிருக்கும் வழங்கிகளில் பெரும் பங்கு ஜாவா மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள்கள். அவற்றை எழுதியவர் யார், பராமரிப்பவர் யார், நாளை பழுதானால் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்வி நமது அரசியல் விவாதங்களில் எழுவதே இல்லை. எழுந்தாக வேண்டும்.

இந்த வழங்கிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அறிந்துகொள்ளப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. நண்பகல் நேரத்து உணவகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேசைக்கு ஒரு சப்ளையர். வந்தவர் தோசை கேட்கிறார். சப்ளையர் அடுப்படிக்குப் போய், தோசை வேகும்வரை அங்கேயே நின்று, எடுத்து வந்து வைத்த பிறகே அடுத்தவரிடம் போகிறார். 200 சப்ளையர்கள் இருந்தால் 200 பேரைக் கவனிக்கலாம். 201-ஆவது ஆள் வாசலில் நிற்க வேண்டியதுதான். இத்தனைக்கும் அந்த 200 பேரில் பெரும்பாலோர் அப்போது எந்த வேலையும் செய்யவில்லை. தோசைக்காகக் காத்து நிற்கிறார்கள்.

பழைய வழங்கிகள் இப்படித்தான் இயங்கின. சப்ளையருக்குக் கணினித் துறையில் 'இழை' என்று பெயர். புகழ்பெற்ற 'டாம்கேட்' வழங்கியில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால், ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கவனிக்கும் இழைகளின் உச்ச வரம்பு இன்றும் 200-தான். ஓர் இழை தரவுத்தளத்தின் விடைக்காகவோ, வங்கியின் ஒப்புதலுக்காகவோ, குறுஞ்செய்தி நிறுவனத்தின் பதிலுக்காகவோ காத்திருக்கும்போது வேறு எவரையும் கவனிக்க இயலாது. இழைகளை ஆயிரக்கணக்கில் கூட்டிக்கொண்டே போனால் நினைவகம் தீர்ந்து கணினியே திணறும்.

மாற்று வழி, திறமையான சப்ளையரின் வழி. கேட்டதைக் குறித்து அடுப்படியில் கொடுத்துவிட்டு உடனே அடுத்த மேசைக்குப் போகிறார். உணவு தயாரானதும் குரல் வரும். போய் எடுத்து வைக்கிறார். பத்துப் பேர் இருந்தாலும் பெருங்கூட்டத்தைச் சமாளிக்கலாம். இதுவே காத்திராமல் இயங்கும் முறை. ஆங்கிலத்தில் 'அசிங்க்ரனஸ்' என்கின்றனர். ஒரே கணினியைக் கொண்டு பல மடங்கு மக்களுக்குச் சேவை செய்ய உதவுவது இந்த முறைதான்.

இந்த மாற்றம் ஒரு நாளில் வந்ததல்ல. ஒரு நிறுவனம் தந்ததும் அல்ல. ஒரே கணினியால் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேருடன் தொடர்பில் இருக்க முடியுமா என்ற கேள்வியை டேன் கெகல் என்ற நிரலாளர் 1999-இல் முன்வைத்தார். அதே ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் டாம்கேட்டின் மூல நிரலை அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு வழங்கியது. 2002-இல் வெளியான ஜாவா 1.4, காத்திராமல் தரவைப் படிக்கவும் எழுதவும் வழி செய்தது. ஆஸ்திரேலியாவின் கிரெக் வில்கின்ஸ் 1995-இல் தொடங்கிய 'ஜெட்டி' வழங்கியில் சோதித்துப் பார்க்கப்பட்ட கருத்துகள், 2009 டிசம்பரில் ஜாவாவின் பொதுத் தர விதிகளில் இடம்பெற்றன. தென் கொரியாவின் டிரஸ்டின் லீ 2004-இல் தொடங்கியது 'நெட்டி'. அதன் மீது டிம் ஃபாக்ஸ் 2011-இல் கட்டத் தொடங்கியது 'வெர்டெக்ஸ்'. இழைகளையே மிக இலகுவாக்கி, பழைய முறையில் எழுதிய நிரலும் பெருங்கூட்டத்தைத் தாங்க வழி செய்தது 2023 செப்டம்பரில் வெளியான ஜாவா 21.

பல நாட்டவரின் கால் நூற்றாண்டு உழைப்பு இது. டாம்கேட், ஜெட்டி, நெட்டி, வெர்டெக்ஸ் ஆகிய நான்கையும் எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அவற்றைக் கொண்டு தொழில் நடத்தலாம். ஊர்ப் பொது ஏரியைப் போன்றவை இவை.

இந்த ஏரியிலிருந்து இந்தியாவும் நிறையவே தண்ணீர் எடுக்கிறது. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும், அதைத் தவிர்ப்பதாயின் காரணம் கூற வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2015-இல் வகுத்தது. அது சரியான முடிவு. உரிமக் கட்டணம் மிச்சமானது மட்டுமல்ல. ஒரே நிறுவனத்திடம் சிக்கிக்கொள்ளும் அபாயமும் குறைந்தது.

பெங்களூரு சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018-இல் தொடங்கப்பட்ட 'மோசிப்' என்ற அடையாளத் தளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு நாடு தன் குடிமக்களுக்கு அடையாள எண் வழங்கத் தேவையான மென்பொருள் முழுவதும் அதில் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. பிலிப்பின்ஸும் மொராக்கோவும் அதை ஏற்றன. இந்திய நிதியுதவியுடன் அமையும் இலங்கையின் அடையாளத் திட்டத்துக்கும் அதுவே அடித்தளம். அதில் பதிவு விண்ணப்பங்களைப் படிப்படியாகப் பரிசீலிக்கும் பகுதி வெர்டெக்ஸைக் கொண்டு எழுதப்பட்டது. வெர்டெக்ஸ் நெட்டியின் மீது நிற்கிறது. ஆக, இந்தியா பல நாடுகளுக்குப் பெருமையுடன் வழங்கும் தளத்தின் அடியில் ஒரு கொரிய இளைஞர் தொடங்கி வைத்த, பல நாட்டுத் தன்னார்வலர்கள் வளர்த்த மென்பொருள் இருக்கிறது. 2023 செப்டம்பரில் தில்லி ஜி-20 மாநாட்டுப் பிரகடனத்தில் 'எண்ம பொது உள்கட்டமைப்பு' இடம்பெற்றதை நம் ராஜதந்திரத்தின் வெற்றியாகக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால், அந்த உள்கட்டமைப்பின் அஸ்திவாரத்தைப் பராமரிப்பதில் நமது பங்கு என்ன?

பராமரிப்பு தவறினால் என்ன நேரும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஜாவா வழங்கிகளின் மீது இயங்கும் 'ஸ்ட்ரட்ஸ்' என்ற திறந்த மூல மென்பொருளில் ஓட்டை இருப்பது 2017 மார்ச்சில் தெரிய வந்தது. திருத்தமும் அப்போதே வெளியிடப்பட்டது. அமெரிக்காவின் கடன் தகுதி மதிப்பீட்டு நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் அந்தத் திருத்தத்தைச் செய்யத் தவறியது. இரு மாதங்களில் ஊடுருவல் தொடங்கியது, ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தனிப்பட்ட விவரங்கள் களவாடப்பட்டன. திருத்தம் இலவசம்தான். அதைச் செய்ய வேண்டிய கை இல்லாமல் போனதற்கான விலைதான் அது.

2021 டிசம்பரில் வெடித்த 'லாக்4ஜே' விவகாரம் இன்னும் பெரியது. வழங்கிகளில் நடப்பதைப் பதிவேட்டில் எழுதி வைக்கும் சின்னஞ்சிறு மென்பொருள் அது. ஜாவா பயன்படுத்தாத பெரிய நிறுவனங்கள் அரிது என்பதால் அதைப் பயன்படுத்தாதவையும் அரிது. அதன் குறையைக் கண்டறிந்து சொன்னது சீனாவின் அலிபாபா நிறுவனப் பாதுகாப்புக் குழு. அபாய அளவுகோலில் பத்துக்குப் பத்து வாங்கிய அந்தக் குறையை, வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் இதைக் கவனித்து வந்த ஒரு சில தன்னார்வலர்கள் இரவு பகலாக விழித்திருந்து சரி செய்தனர். உலகின் மிகப் பெரிய நிறுவனங்களும் அரசுகளும் அவர்களின் அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருந்தன.

டாம்கேட்டுக்கே சோதனை வந்தது 2020 பிப்ரவரியில். 'கோஸ்ட்கேட்' என்று பெயரிடப்பட்ட அந்தக் குறை, ஆறாம் பதிப்பு முதல் ஒன்பதாம் பதிப்பு வரை பல ஆண்டுகளாகப் பதுங்கிக் கிடந்திருக்கிறது. ஏழு, எட்டு, ஒன்பதாம் பதிப்புகளுக்குத் திருத்தம் வந்தது. ஆறாம் பதிப்புக்கு வரவில்லை. ஏனெனில், அதன் ஆதரவுக் காலம் 2016 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அதன் பிறகும் அதையே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், கதவு இல்லாத வீட்டில் குடியிருந்தவர்கள். ஏழாம் பதிப்பின் காலம் 2021 மார்ச்சிலும், 8.5-ஆம் பதிப்பின் காலம் 2024 மார்ச்சிலும் முடிந்துவிட்டன.

நமது அரசுத் துறைகளின் ஒப்பந்தப்புள்ளி மரபை அறிந்தவர்களுக்கு இங்கேதான் கவலை தொடங்கும். மென்பொருளும் பாலத்தைப் போலக் கட்டி முடித்து, நாடா வெட்டித் திறந்து வைக்கப்படுகிறது. திறப்பு விழாவுக்குப் பிறகு ஒப்பந்தக்காரர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். பாலத்துக்காவது விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். காலாவதியான வழங்கி, களவு போகும் நாள் வரை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பாடமும் உண்டு. மூல நிரல் பொதுவாக இருந்தாலும், பெயரும் தர விதிகளை வகுக்கும் அதிகாரமும் தனியார் கையில் இருக்கலாம். சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. ஜாவாவின் நிறுவனப் பதிப்பை 2017-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க அது முன்வந்தது. ஆனால் பழைய பெயரில் மேற்கொண்டு வளர்க்க இசையவில்லை. இதனால் 2020-இல் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய நிரல் பெயர்கள் எல்லாம் 'ஜகார்த்தா' என்று மாற்றப்பட்டன. டாம்கேட் பத்தாம் பதிப்பு அதைப் பின்பற்றியது. பழைய பெயர்களில் எழுதப்பட்ட செயலிகள் மாற்றி அமைக்கப்படாமல் அதில் ஓடா. எங்கோ இரு அமைப்புகளுக்கு இடையே பேச்சு முறிந்ததன் சுமை, உலகெங்கும் உள்ள அலுவலகங்களின் தலையில் விழுந்தது. வெர்டெக்ஸுக்கும் இது நேர்ந்தது. அதைத் தொடங்கியவர் விஎம்வேர் நிறுவனத்தைவிட்டு விலகியபோது, பெயரும் இணைய முகவரியும் யாருக்குச் சொந்தம் என்ற பூசல் 2013-இல் எழுந்தது. எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்ட பிறகே அது ஓய்ந்தது. இத்தகைய முடிவுகள் எடுக்கப்படும் அவையில் உழைப்பைத் தருபவருக்குத்தான் குரல் உண்டு. எடுத்துக்கொள்ள மட்டும் வருபவரை எவரும் கலந்து பேசுவதில்லை.

பிற நாடுகள் இதை உணர்ந்திருக்கின்றன. ஐரோப்பிய ஆணையம் தான் பயன்படுத்தும் திறந்த மூல மென்பொருள்களில் குறை கண்டறிந்து சொல்வோருக்குப் பரிசளிக்கும் திட்டத்தை 2019-இல் நடத்தியது. அந்தப் பட்டியலில் டாம்கேட்டும் இருந்தது. லாக்4ஜே அதிர்ச்சிக்குப் பிறகு, இத்தகைய அடித்தள மென்பொருள்களைப் பராமரிப்போருக்குப் பொதுப் பணத்திலிருந்து ஊதியம் தர ஜெர்மனி 2022-இல் தனி நிதியம் அமைத்தது. இந்தியாவிலேயே பெங்களூரைச் சேர்ந்த ஜெரோதா என்ற பங்குத் தரகு நிறுவனம், திறந்த மூல மென்பொருள்களுக்காக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியத்தை 2024-இல் அறிவித்தது. ஒரு தனியார் நிறுவனத்துக்கு எழுந்த நன்றியுணர்வும் முன்னெச்சரிக்கையும் 140 கோடி மக்களின் அரசுக்கு இருக்கக் கூடாதா?

2015-ஆம் ஆண்டுக் கொள்கையிலேயே, உள்நாட்டு, பன்னாட்டுத் திறந்த மூலச் சமூகங்களுடன் அரசு ஒத்துழைக்கும், பொருத்தமான இடங்களில் பங்களிக்கும் என்று கூறப்பட்டுள்ளது. ஆனால் யார், எவ்வளவு, எந்த நிதியிலிருந்து என்பது அதில் வரையறுக்கப்படவில்லை. வரையறை இல்லாத கடமை எவருடைய கடமையும் அல்ல.

'இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் பணம் தர வேண்டும்?' என்று தணிக்கையாளர் கேட்கலாம். பணம் மென்பொருளுக்கு அல்ல. அது பழுதாகாமல் இருப்பதற்கு. 'எல்லோரும் படிக்கக் கூடிய நிரல் ஆபத்தல்லவா?' என்று பாதுகாப்பு அதிகாரி கேட்கலாம். கோஸ்ட்கேட்டை வெளியாள்கள் கண்டுபிடிக்க முடிந்ததே நிரல் திறந்திருந்ததால்தான். மூடி வைத்த நிரலிலும் ஓட்டைகள் இருக்கும். விற்றவருக்கும் திருடனுக்கும் மட்டுமே அவை தெரிந்திருக்கும். 'சுதேசியாக நாமே ஒரு வழங்கியை எழுதிவிட்டால் என்ன?' என்ற குரலும் எழும். கோடிக்கணக்கான கணினிகளில் கால் நூற்றாண்டாகச் சோதிக்கப்பட்ட ஒன்றை விட்டுவிட்டு, எவரும் சோதிக்காத ஒன்றின் மீது நாட்டின் சேவைகளை ஏற்றுவது சுதேசியம் ஆகாது. பொது நிரலைப் படித்து, திருத்தி, தேவைப்பட்டால் தனித்து நடத்தவும் வல்ல பொறியாளர்களை நாம் வைத்திருப்பதே இத்துறையில் சுதேசியம்.

செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. முதலாவது, அரசு மென்பொருள் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் திறப்பு விழாவுக்குப் பிந்தைய பராமரிப்பும், ஆதரவுக் காலம் முடிந்த பதிப்புகளை மாற்றும் கடமையும் நிதி ஒதுக்கீட்டுடன் எழுதப்பட வேண்டும். இரண்டாவது, ஒரு சேவைக்குள் எந்தெந்த மென்பொருள்கள், எந்தப் பதிப்பில் உள்ளன என்ற பட்டியலைப் பேணுவதற்கான வழிகாட்டு நெறிகளை, கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் 'செர்ட்-இன்' அமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்டது. அதைக் கட்டாயமாக்கி, காலாவதியானவை எத்தனை என்ற எண்ணிக்கையை நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் ஆண்டுதோறும் வைக்க வேண்டும். மூன்றாவது, உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் சிறு பங்கையாவது அடித்தள மென்பொருள்களின் பராமரிப்புக்கென ஒதுக்க வேண்டும். நான்காவது, 1976 முதல் இயங்கும் தேசியத் தகவலியல் மையத்தின் பொறியாளர்கள் தங்கள் பணி நேரத்தில் ஒரு பகுதியை இம்மென்பொருள்களைத் திருத்தி மேம்படுத்துவதில் செலவிட அனுமதிக்கப்பட வேண்டும். பொறியியல் மாணவர் டாம்கேட்டிலோ நெட்டியிலோ ஒரு குறையைத் திருத்தி, அது ஏற்கப்பட்டால், அதைத் தேர்வு மதிப்பெண்ணுக்குச் சமமாகக் கருதினால் என்ன?

இது கணினி வல்லுநர்களின் உட்பூசல் அல்ல. சமூக நீதியோடு தொடர்புடைய கேள்வி. வழங்கி திணறும்போது எல்லோரும் சமமாகத் துன்புறுவதில்லை. வேகமான இணைப்பும் விலை உயர்ந்த கைப்பேசியும் வைத்திருப்பவர் பத்து முறை முயன்று உள்ளே நுழைந்துவிடுகிறார். கிராமத்து மையத்தில் வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளிக்கு அன்றைய கூலியும் போய், வந்த காரியமும் முடியாமல் போகிறது. தடுப்பூசிக்கு இணையப் பதிவைக் கட்டாயமாக்கினால் இணைய வசதி இல்லாதோர் என்ன செய்வர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் அரசை நோக்கிக் கேட்டதை மறந்துவிடலாகாது. அலுவலகக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டு இணையத்துக்கு வா என்று மக்களை அழைக்கும் அரசு, அந்த வாசலாவது எந்நேரமும் திறந்திருக்க உத்தரவாதம் தர வேண்டும்.

நம் முன்னோர் ஏரியைப் பொதுவில் வைத்தபோது, குடிமராமத்தையும் சேர்த்தே வைத்தனர். நீர் பாய்ச்சிக் கொள்பவர் ஆண்டுக்கு ஒருமுறை மண்வெட்டியுடன் வர வேண்டும். வர இயலாதவர் கூலியாள் அனுப்ப வேண்டும். அந்த மரபு தளர்ந்த ஊர்களில் ஏரி தூர்ந்து, கரை உடைந்தது. இன்று உலகத்தின் பொது ஏரி ஒன்றில் மிகப் பெரிய குடத்துடன் நிற்பவர்களில் நாமும் ஒருவர். மண்வெட்டியை எப்போது எடுக்கப் போகிறோம்?